12 வோல்ட் காட்டுது, பிரேக் மட்டும் பிடிக்கலையே!

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் புதுசு இல்லை. பாளையம்புதூர் டோல்கேட்டைத் தாண்டினதும் ரோடு இறங்க ஆரம்பிக்கும். அடுத்த தடவை போகும்போது முன்னால் இறங்குகிற டிரெய்லர் லாரியின் பின்பக்க விளக்குகளைக் கொஞ்சம் கவனியுங்க. டிரைவர் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியணும். சில வண்டிகளில் சிவப்பு மங்கலாக எரியும், கூடவே இண்டிகேட்டரும் லேசாக மினுக்கும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம்.

அது பழைய வண்டி என்பதால் வருவதில்லை. அந்த டிரெய்லருக்கு எர்த் சரியாக இல்லை என்பதற்கான அடையாளம் அது. பல்பில் போய்த் திரும்ப வேண்டிய கரண்ட், திரும்பி வர நல்ல வழி இல்லாமல், இண்டிகேட்டர் பல்பு வழியாகப் புகுந்து, முன்பக்க இண்டிகேட்டர் வரை போய் அங்கே எர்த் தேடிக்கொள்கிறது. விளக்கில் இது நடந்தால் வெளிச்சம் குறையும். பிரேக்கே கரண்டில் ஓடுகிற டிரெய்லரில் நடந்தால்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எலக்ட்ரிக் பிரேக் பொருத்திய டிரெய்லரில் வயரிங் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, மல்டிமீட்டர் நம்மை எந்த இடத்தில் ஏமாற்றும் என்று பார்ப்போம்.

தொப்பூரில் என்ன நடக்கிறது?

2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று தொப்பூர் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து, முன்னால் இருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதியது. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு தொடர் மோதல், தீ, இன்னும் 4 உயிர்கள். நம்ம மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் செய்தி இல்லை, தினமும் போய் வருகிற வழி.

இந்த இறக்கத்தில் பிரேக் என்ன வேலை செய்கிறது என்று ஒரு சின்ன கணக்கு போடலாம். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 39 மெகா ஜூல். 30 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் இது. வண்டியின் வேகம் கூடாமல் இருக்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். குறைந்த கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எல்லாமே பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிமானம் இழக்கும், மிதித்தாலும் வண்டி நிற்காது. "நியூட்ரலில் இறங்காதீர்கள்" என்று அங்கே எச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

இதில் டிரெய்லருக்கு என்ன பங்கு? முன் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து பிரேக் பிடித்தால் வெப்பம் எல்லாச் சக்கரங்களுக்கும் பங்காகும். டிரெய்லர் பிரேக் வேலை செய்யாவிட்டால் அதன் பங்கையும் முன் வண்டி சுமக்கணும். டிரைவருக்கு இது சமதளத்தில் தெரியாது, "கொஞ்சம் லேட்டா நிக்குது" என்று மட்டும் தோன்றும். இறக்கத்தில்தான் தெரியும். அதோடு பின்னால் இருந்து டிரெய்லர் தள்ளும்போது, வளைவில் வண்டி கத்தி மடங்குவது மாதிரி மடங்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

காற்றா, கரண்டா?

நம்ம ஊர் கனரக டிரெய்லர்களில் பிரேக் பிடிப்பது காற்றழுத்தம். முன் வண்டியிலிருந்து இரண்டு ஹோஸ் போகும். ஒன்று டிரெய்லர் டேங்கை நிரப்ப, இன்னொன்று பிரேக் உத்தரவு கொடுக்க. நிரப்புகிற ஹோஸ் கழன்றுபோனால் டிரெய்லர் தானாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் நிற்கிற பக்கம் சாயும் வடிவமைப்பு இது.

எலக்ட்ரிக் பிரேக் என்பது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கேரவன், படகு டிரெய்லர், குதிரை வண்டி மாதிரியான நடுத்தர டிரெய்லர்களில் பரவலாக இருப்பது. இழுக்கிற கார் அல்லது பிக்கப்பில் காற்று கம்ப்ரசர் கிடையாது, பேட்டரி மட்டும்தான் இருக்கிறது. அதனால் கரண்ட்டை வைத்தே பிரேக். நம்ம பக்கம் இது அரிது. ஆனால் சின்ன டிரெய்லர் செய்கிற புராஜெக்ட் டீம்களுக்கு இது நல்ல வழி. விவசாய டிராக்டர் டிரெய்லர்கள் நிறைய தனி பிரேக்கே இல்லாமல்தான் ஓடுகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் காந்தம்

டிரம், ஷூ, லைனிங் எல்லாம் வழக்கமானதுதான். ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் பதிலாக ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஒரு மின்காந்தம். கரண்ட் போனதும் காந்தம் சுழலும் டிரம்மின் உட்பக்க முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் சுழல்வதால் காந்தத்தையும் தன்னோடு இழுக்கும். அந்த இழுவை நெம்புகோலைத் திருப்பி, ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. காந்தம் நேரடியாகப் பிரேக் பிடிப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியைக் கடன் வாங்கித்தான் பிடிக்கிறது.

இதனால் கரண்ட் அளவு ரொம்ப முக்கியம். 10, 12 அங்குல டிரம்களில் ஒரு காந்தத்தின் மின்தடை சுமார் 3 முதல் 4 ஓம். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு சக்கரத்துக்கு 6, நான்குக்கு 12. இந்த எண்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கோளாறு இதிலேயே பிடிபடும்.

எவ்வளவு கரண்ட் அனுப்புவது என்று முடிவு செய்வது டிரைவர் பக்கத்தில் இருக்கும் கண்ட்ரோலர். பெரும்பாலும் நாலு வயர். பேட்டரியிலிருந்து பிளஸ் கருப்பு, எர்த் வெள்ளை, பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து சிவப்பு, டிரெய்லருக்குப் போகும் வெளியீடு நீலம். கம்பெனிக்கு கம்பெனி மாறலாம், அதனால் கூட வரும் படத்தைப் பார்த்தே இணைக்கணும். நம்ம வழக்கத்தில் கருப்பு என்றால் மைனஸ் என்று கை தானாகப் போகும். இங்கே கருப்பு பிளஸ். இந்த இடத்தில் தப்பு பண்ணி கண்ட்ரோலரைச் சுட்டுவிடாதீர்கள்.

கண்ட்ரோலரில் இரண்டு வகை. ஒன்று, பிரேக் விளக்கு எரிந்ததும் கரண்ட்டைப் படிப்படியாக ஏற்றும். இன்னொன்று உள்ளே இருக்கும் முடுக்க சென்சார் மூலம் வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அனுப்பும். இரண்டிலும் கையால் தள்ளும் ஒரு லீவர் உண்டு. சோதனைக்கு அந்த லீவரைத்தான் பயன்படுத்தணும். ஏனென்றால் சென்சார் வகையில் நின்ற வண்டியில் பெடலை மிதித்தால் கொஞ்சம்தான் கரண்ட் வரும். வண்டிதான் நிற்கிறதே, அது எதைப் பார்த்து அனுப்பும்? இது தெரியாமல் "கண்ட்ரோலர் போச்சு" என்று புதுசு வாங்குபவர்கள் உண்டு.

மல்டிமீட்டர் சொல்லும் பொய்

இப்போது முக்கியமான விஷயம். டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை. காந்தத்துக்கு வரும் இணைப்பைக் கழற்றி, மீட்டரை வைத்து லீவரைத் தள்ளுகிறோம். 12 வோல்ட். "வயரிங் ஓகே, பிரச்சனை டிரம்மில்" என்று முடிவு செய்து டிரம்மைப் பிரிக்கிறோம். அங்கே ஒன்றும் இல்லை.

என்ன தப்பு? டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் மின்தடை சுமார் 10 மெகா ஓம். அது எடுக்கிற கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. வழியில் பச்சை பூத்த ஒரு இணைப்பு 0.3 ஓம் இருந்தாலும், 300 ஓம் இருந்தாலும், மீட்டருக்கு 12 வோல்ட்தான் தெரியும். கரண்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் இழப்பும் இல்லை. முதல் செமஸ்டரில் படித்த ஓம் விதிதான்.

இப்போது நாலு காந்தத்தையும் இணைப்போம். ஒவ்வொன்றும் 4 ஓம், பேரலலில் 1 ஓம். கெட்ட எர்த் 0.3 ஓம். மொத்தம் 1.3 ஓம். கரண்ட் 12-ஐ 1.3-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். காந்தத்துக்குக் கிடைப்பது 9.2 வோல்ட் மட்டும். கால்பங்கு கிட்டே போய்விட்டது. போனது எங்கே? அந்த இணைப்பில் 25 வாட்டுக்கு மேல் வெப்பமாக. சூட்டில் இணைப்பு இன்னும் கெடும், மின்தடை இன்னும் ஏறும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கும்போதுதான் இது மோசமாகும், அதாவது பிரேக் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்.

கெட்டுப்போன இணைப்புதான் இருக்கணும் என்றும் இல்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரையே 12 மீட்டர் தூரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்றால், போக வர 24 மீட்டர். நல்ல செம்பு என்றாலும் மின்தடை 0.28 ஓம் வரும். புத்தம்புது வயரிங்கே துருப்பிடித்த இணைப்பு மாதிரி நடந்துகொள்ளும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.1 ஓம் அளவுக்குக் குறையும். வயர் சூடாகவில்லை என்பதால் மட்டும் அது போதுமானது என்று அர்த்தம் இல்லை.

நம்பிக்கை வரவில்லையா? நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ், 55 வாட் ஹெட்லைட் பல்பு, ஸ்பீக்கருக்குப் போடும் 0.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் 10 மீட்டர். பல்பு இல்லாமல் வயர் முனையில் அளந்தால் பேட்டரி வோல்டேஜ் அப்படியே வரும். பல்பை மாட்டிவிட்டு அதே முனையில் அளந்தால் 9 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். பல்பு சுடும், கையால் தொடாதீர்கள்.

ஒழுங்காகத் தேடும் வழி

முதலில் பாதுகாப்பு. வண்டி சமதளத்தில் இருக்கணும், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடணும். ஜாக்கியில் தூக்கினால் அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் கீழே போகக் கூடாது. பிறகு இந்த வரிசை.

1. முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.4 வோல்ட் இருக்கணும். இதுவே இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண்.

2. டிரெய்லர் பிளக்கைக் கழற்றுங்கள். முன் வண்டி சாக்கெட்டில் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 55 வாட் பல்பை மாட்டி, லீவரை முழுசாகத் தள்ளுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வோல்டேஜ் அளக்கணும். சின்ன 21 வாட் பல்பு போதாது. அது 2 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுப்பதால் 0.3 ஓம் கோளாறில் அரை வோல்ட்தான் இறங்கும், கண்ணுக்கு நன்றாக எரிகிற மாதிரியே தெரியும். லீவரைப் பாதி தள்ளினால் கண்ட்ரோலர் கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும், மீட்டர் சராசரியைக் காட்டிக் குழப்பும். அதனால் எப்போதும் முழுசாகத் தள்ளுங்கள்.

3. இங்கே சரியாக இருந்தால் முன் வண்டி தப்பித்தது. இப்போது பிளக்கை மாட்டி, நீல வயரில் கரண்ட் அளக்கணும். லேபில் இருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் காட்டும், டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நாலு காந்தத்துக்குப் பயன்படுத்தினால் 12 ஆம்பியரில் உள் ஃபியூஸ் போய்விடும்.

4. எண்ணைப் படியுங்கள். நாலு சக்கரத்துக்கு 12 வரணும். 9 வந்தால் அநேகமாக ஒரு காந்தம் அறுந்திருக்கிறது. 6 வந்தால் இரண்டு. ஒரே அச்சில் இரண்டும் போயிருந்தால் அந்த அச்சுக்குப் போகும் வயரைப் பாருங்கள். இப்படி முழு மூன்றாகக் குறையாமல் 10 அல்லது 8 என்று இடையில் நின்றால் பொது வயரோ எர்த்தோ சந்தேகம். பூஜ்ஜியம் என்றால் எங்கோ முழுசாக அறுந்திருக்கிறது. அளவுக்கு மேல் ஏறினாலோ, கண்ட்ரோலர் ஷார்ட் என்று எச்சரித்தாலோ, அச்சுக் குழாய்க்குள் போகும் வயரில் உராய்ந்து இன்சுலேஷன் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கணும்.

5. வோல்டேஜ் இழப்பு சோதனை. இதுதான் எல்லாவற்றிலும் சக்திவாய்ந்தது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை முன் வண்டி பேட்டரி மைனஸிலும், மறு முனையைக் காந்தத்தின் எர்த் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் திருடன். பிளஸ் பக்கமும் இதே மாதிரி.

6. காந்தத்தைத் தனியாகப் பிரித்து ஓம் அளங்கள். 3 முதல் 4. வயருக்கும் காந்தத்தின் இரும்பு உடலுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே காயில் இன்சுலேஷன் போச்சு, மாற்ற வேண்டியதுதான்.

7. கரண்ட் எல்லாம் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் இப்போதுதான் டிரம்மைப் பிரிக்கணும். லைனிங்கில் கிரீஸ் கசிந்ததா, காந்தம் தேய்ந்ததா, ஷூ இடைவெளி அதிகமா என்று பார்க்கணும்.

நேர்மாறான கோளாறும் உண்டு. பிரேக்கை மிதிக்காமலே டிரெய்லர் இழுத்துப் பிடிக்கும், டிரம் சுடும். கண்ட்ரோலரின் சிவப்பு வயரைப் பிரேக் சுவிட்சின் தப்பான பக்கத்தில் இணைத்திருக்கலாம். மிதித்தால் மட்டும் கரண்ட் வருகிற பக்கத்தில் அது இருக்கணும். எப்போதும் கரண்ட் இருக்கிற பக்கத்தில் மாட்டினால், டிரைவர் எப்போதும் மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும்.

எர்த் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று. "இரும்பும் இரும்பும் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு" என்று கொக்கி வழியாகவே எர்த் போகட்டும் என விட்டுவிடுவார்கள். கொக்கியில் கிரீஸ், துரு, பெயிண்ட். வண்டி குலுங்கும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கும். எர்த்துக்கென்று பிளக் வழியாகத் தனி வயர், பிளஸ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் போகணும். முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் லக் அழுத்தி, ஈரம் புகாமல் மூட வேண்டும்.

இன்னொன்று, டிரெய்லர் கழன்று ஓடினால்? காற்று பிரேக் மாதிரி கரண்ட் பிரேக் தானாகப் பிடிக்காது. கரண்ட் போனால் பிரேக்கும் போச்சு. அதனால்தான் டிரெய்லரிலேயே ஒரு சின்ன பேட்டரியும், முன் வண்டியோடு கயிறு கட்டிய ஒரு பின்னும் வைக்கிறார்கள். டிரெய்லர் கழன்றால் பின் உருவப்பட்டு, சுவிட்ச் மூடி, அந்தப் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். இதைச் சோதிக்கும்போது முன் வண்டி பிளக்கைக் கழற்றிவிட்டே செய்யணும், இல்லாவிட்டால் கரண்ட் கண்ட்ரோலருக்குள் பின்பக்கமாகப் போய் அதைக் கெடுக்கலாம். அந்தச் சின்ன பேட்டரியை மறந்தே போய்விடுவார்கள். சார்ஜ் இல்லாத பேட்டரி வெறும் கனம்தான்.

நம்ம லாரிக்கு இதில் என்ன?

காற்று பிரேக் வண்டியிலும் கரண்டுக்கு வேலை இருக்கிறது. 2015 முதல் புதிதாக வரும் கனரக வாகனங்களில் ஏபிஎஸ் கட்டாயமானது. ஏபிஎஸ் பொருத்திய டிரெய்லருக்கு 24 வோல்ட் தனி கேபிளில் போகும். அந்தக் கேபிள் கழன்றாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் மழை ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க ஆள் இல்லை. சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணையணும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதுவும் நல்ல செய்தி இல்லை, பல்பே போயிருக்கலாம். சக்கர சென்சாரின் மின்தடை பொதுவாக 1 முதல் 2 கிலோ ஓம் அளவில் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி வோல்டேஜ் வரணும்.

தொப்பூர் விபத்துகள் எல்லாம் வயரிங்கால் என்று நான் சொல்ல வரவில்லை. வேகம், நியூட்ரல், அதிக லோடு, ரோட்டின் சரிவு எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் ஒரு பச்சை பூத்த எர்த் இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்க பத்து நிமிஷம் போதும். அந்த இறக்கத்தில் நம்மால் சரிசெய்ய முடிகிற சில விஷயங்களில் அது ஒன்று.

அதனால் அடுத்த முறை டோல்கேட் பக்கம் டீக்கடையில் நிற்கும்போது, பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்குகிற டிரெய்லரைப் பார்த்தால் சும்மா வராதீங்க. "அண்ணே, பின்னாடி எர்த் விட்டிருக்கு, எறக்கத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாங்க. நாலு வருஷம் படித்ததற்கு அதுவும் ஒரு பயன்தான்.